ஒன்றரை அடி

"தொட்டாக் கொஞ்சம் கூசுது அண்ணை, பெரிசா ஒண்டுமில்லை"
எண்டாள் பவளராணி, வீடு பார்க்கிறவள்.
வெள்ளிக்கிழமை நோர்வேயிலிருந்து ஆக்கள் வருகினம்,
சின்னப் பிள்ளையள் இரண்டு.
பச்சைத் தண்ணியில் அதுகள் குளிக்காதுகளாம்.

ஆடி வெயில். சண்டிலிப்பாயில்
கிணறே பாதி கொதிச்சுக் கிடக்கு.
இதுக்குள்ளே சுடுதண்ணி.
சிரிச்சுக்கொண்டுதான் ஏணியில் ஏறினேன்.

ஹீற்றரின் மூடியைக் கழற்ற
பல்லிமுட்டை ஓடுகள், செத்த எறும்பின் ஊர்வலம்.
உள்ளே, சூடேறுகிற சுருளில்
எங்கடை கிணறு ஏறி இறுகியிருந்தது:
சுண்ணாம்பு, பெருவிரல் மொத்தத்தில்.
தட்ட, முருகைக்கல் மாதிரி உதிர்ந்தது.
தண்ணிக்கு முதல்
ஒவ்வொரு நாளும் ஒரு கல்லைக் காய்ச்சியிருக்கு இந்தப் பெட்டி.

அமுக்கம் கூடினால் திறக்கிற வால்வு கீழே.
அதின்ரை வாயில் எம்-சீல்.
"சொட்டுச் சொட்டாய் ஒழுகி மாபிளிலே கறை பிடிச்சது,
போனமுறை வந்த தம்பி அடைச்சவன்."
அது மூச்சு விடுற இடம் பிள்ளை, எண்டு சொல்ல வாயெடுத்து
மாபிளைப் பார்த்தேன்.
நல்லாத்தான் பளபளத்தது.

போர்ட்டில் றிப் சுவிச்சுக்குக் குறுக்கே
துண்டுச் செப்புக் கம்பி.
இரவிரவாய் விழுகுதெண்டு
அதுக்கும் ஆரோ வாய்க்கட்டுப் போட்டிருக்கினம்.

வட்ஸ்அப்பில் கிருபைராசா வந்தார், கோப்பிக் கோப்பையோடு.
"ஜேர்மன் சாமான் தம்பி, சாகாது.
சுருளை மட்டும் மாத்திவிடும்."
தங்கடை வீட்டு விறகடுப்புப் புகைக்கூட்டை
நகரசபை ஆள் வந்து, கூரையேறிப் பார்த்து,
கையெழுத்து வைச்சிட்டுத்தான் போவானாம்.
"இஞ்சை சட்டம் அப்பிடி" எண்டார்.
குரலில் ஒரு பெருமை.

பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
சுவருக்குள் நுழைந்து, குசினிக்குப் பின்னால் இறங்கி
வாழைப்பாத்திக் கரையில் மண்ணுக்குள் போனது.
கிண்டினேன். மண் புழுதியாய்ப் பறந்தது.
ஒன்றரை அடி.
அதுக்குக் கீழே பாறை, பாறைக்குமேல் சும்மா நிற்கிற கம்பி.
தலைப்பக்கம் வாளால் அறுத்த தடம்,
இடப்பக்கம் சரிந்து.

நான் இடக்கையன்.

சமாதானம் எண்டு சொன்ன காலம்.
பாதை திறந்து லொறி லொறியாய் ஓடும் சீமெந்தும் வர
கிழமைக்கு மூன்று வீடு வயரிங்.
எனக்குப் பத்தொன்பது வயது.
எட்டடிக் கம்பி; கல்லு இடங்கொடுக்கேல்லை.
ஆர் தோண்டிப் பார்க்கப் போகினம்?
அறுத்த ஆறரை அடியை
மருதனார்மடத்தில் பழைய இரும்புக்குப் போட்டு
இரண்டு றோல்ஸும் ஒரு சோடாவும்.
றோல்ஸின் உறைப்பு இப்பவும் நாக்கிலே நிக்குது.
வீடு ஞாபகமில்லை.

"என்ன அண்ணை, பழுதோ?
ஆற்றை வேலை இது?"
"ஆரோ விசரன்" எண்டேன்.
தேத்தண்ணி ஊத்தித் தந்தாள்.
குடிச்சேன்.

ஹீற்றரைக் கழற்றி முற்றத்தில் வைத்தேன்,
வயர் நுனிகளை மூடிக் கட்டினேன்.
வெள்ளிக்கிழமை பானையில் தண்ணி சுடவைச்சு
வாளியில் வார்க்கட்டும்.
கிருபைராசா கத்தினார். படம் இடையில் உறைந்துபோய்
வாய் திறந்தபடி நின்றார் கொஞ்ச நேரம்.
புதுக் கம்பிக்குக் கல்லுத் துளைக்கிற மெசின் வேணும்;
காசு என்ரை.
அதை மட்டும் அவருக்குச் சொல்லேல்லை.

இரவு, மின்சாரபில்லின் பின்பக்கத்தில்
எழுதிப் பார்த்தேன்.
சுதுமலை, இணுவில், கோண்டாவிலில் இரண்டு,
அளவெட்டியில் அந்த மாடிவீடு, இப்ப விடுதியாம்.
பதினேழு வரை வந்தது. பிறகு
ஊர் ஞாபகம் வருது, ஒழுங்கை வரேல்லை.
ஒழுங்கை வந்தால் படலை வரேல்லை.

காலமை மானிப்பாய்.
மதிலுக்கு உள்ளே ஆரோ குளிக்கிற சத்தம்.
பெல்லை அமத்த முதல்
சாறத்தில் கையைத் துடைக்கிறேன்,
இரண்டு தரம்.