அடியில் கிடப்பது

இருநூற்றுப் பன்னிரண்டு பீஸில் தோள்தையல் விட்டிருந்தது.
ஹாம்பர்க்கிலிருந்து ஒரு படிவம் வந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
ஊசி மொட்டை என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாளே திரும்பி வந்தது:
அது காரணம்.
அண்டர்லையிங் காரணம் எது?

அனுப்பர்பாளையத்தில் இந்தச் சொல்லை
யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்திருக்கிறேன்.
காய்ச்சலுக்கு முன்னால் அது வராது,
காய்ச்சலைக் கொண்டுவந்த சீக்குக்கு முன்னால் வரும்.
பேங்க்காரர்கள் கடனுக்குப் போடுகிறார்கள்.
சண்டைக்கும் போடலாமாம்,
சண்டை எதற்கென்று சண்டைக்காரர்களுக்கே தெரியாதபோது.

"மூலகாரணம் கேக்கறாங்க" என்றேன்.
அயர்னிங் சென்னியப்பன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.
"மூலம்னா எனக்கிருக்குதுங்.
பதினாறு வருசமா நின்னுட்டே தேய்க்கறனுங்."

பிசிறு வெட்டுகிற கத்தரி கையிலிருந்தது.
சொல்லையும் பிரித்துப் பார்த்தேன்.
அண்டர், கீழே.
லையிங், படுத்துக் கிடப்பது.
பொய் சொல்வதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான்.
எது எதுவென்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

ராத்திரி பன்னிரண்டரை.
பேனா உருண்டு
கட்டிங் டேபிளுக்கடியில் போனது.
குனிந்தேன்.
பனியன் வேஸ்ட் குவியல்மேல்
ஓவர்லாக் சம்பூர்ணம்,
நேற்றுக் காலை வேனில் வந்தவள்.
ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
அவள் முதுகை ஒட்டிச் சுருண்டு
கைமடிக்கு வருகிற பிள்ளை.
தலைமாட்டில் டிபன் பாக்ஸ், திறக்காமல்.

பேனாவை எடுக்கவில்லை.

மெயிலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன்.
பதினேழு பதில்களுக்கும் அடியில்
அவர்களுடைய முதல் கடிதம் கிடந்தது.
கப்பல் ஒன்பது நாள் முன்னால் கிளம்புகிறது,
புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம்.
பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி.
அதன்மேல் படுத்திருந்தது
என் பதில். ஒரே சொல்:
முடியும்.

"மணி என்னங் சார்?"
டேபிளுக்கடியிலிருந்து.

"இன்னும் நேரம் இருக்குது, சித்த நேரம் படுங்க."
நேரம் இல்லை.
வெளியே சூப்பர்வைசரின் பைக் நின்ற சத்தம்
எனக்குக் கேட்டிருந்தது.

வேறொரு பேனா எடுத்து
அதே கட்டத்தில் மறுபடியும் ஊசி என்று எழுதினேன்,
இந்தத் தடவை
வாங்கின கடையின் பெயரோடு.