ஜெராக்ஸ் கடையில் எட்டு மாதம்

பெரம்பூர் விகாரையை இடிக்கும்போது
புத்தரை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டார்கள்.
பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லை.
சங்க அலுவலகத்தில் மழை ஒழுகும்.
"உன் கடைக்குத்தான் ஷட்டர் இருக்கு"
என்றார் பொருளாளர் அறவாழி.

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தபோது
வைக்கோல் சுற்றியிருந்ததாம்.
என் கடைக்கு ஃப்ளெக்ஸ் பேனரில் வந்தார்,
யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து வாழ்த்துக்குள்.
மூக்கு நுனியில் ஒரு சில்லு இல்லை.
"பழைய அடி, நாங்க பண்ணல" என்றார்கள்
தூக்கி வந்த நால்வரும், ஒரே குரலில்.

சுவரைப் பிளந்தது அரசமரம்.
அவர் மரம்தான்.
வேரை வெட்டலாமா என்று
ஒரு ஞாயிறு முழுக்க வழக்கு நடந்தது,
மூன்று முறை டீ வந்தது.
கடைசியில் சுவர் இரண்டடி உள்ளே போனது.

அஸ்திவாரம் தோண்டிய வாரம்
பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார் அறவாழி.
தாள் தாளாகப் பிரித்து வைத்தேன்.
பச்சை வெளிச்சம் ஒவ்வொன்றின் கீழும்
ஊர்ந்து போய்த் திரும்பியது.

பெயரே இல்லை.
டோக்கன் 1147, நாலணா.
டோக்கன் 860, இரண்டணா, மீதி சம்பளத்தன்று.
டோக்கன் 2031, பணமில்லை, மூன்று ஞாயிறு மண் சுமந்தது.
ரயில் பெட்டிப் பட்டறையின் பித்தளை வில்லைகள்
வரிசையில் நின்று கட்டிய கோயில்.

துரைக்குப் பயந்தா?
பெயர் என்றால் வாலில் சாதியும் சேர்த்து
எழுதிவிடுவார்கள் என்றா?
கணக்குப் பிள்ளைக்குச் சோம்பலா?
புத்தகம் சொல்லவில்லை.
நானும் இரண்டு காப்பி எடுத்து
ஸ்டேப்ளர் அடித்தேன்.

புதுக் கல்வெட்டில்
டைல்ஸ் கொடுத்தவர் பெயர் இரண்டு அங்குல உயரம்.
அதன் கீழே எண்கள், நெருக்கமாக, முந்நூற்றுச் சொச்சம்.
"இதென்னக்கா, லாட்டரி ரிசல்ட்டா?"
என்று கேட்டான் கல் கொத்துகிற மாசிலன்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் உளியைத் தண்ணீரில் நனைத்தான்.
எண்ணுக்குக் கூலி பேசியிருந்தோம்.
860-க்கு மட்டும் வாங்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

வைகாசி முழுநிலவுக்கு அவர் போய்விட்டார்.
இருந்த இடத்தில்
தரை ஒரு சதுரம் வெளுப்பாக இருக்கிறது.
அங்கே ஏ-ஃபோர் கட்டுகளை அடுக்கியிருக்கிறேன்.

ஆதார் நகலுக்கு வருகிறவர்கள்
இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
எத்தனை காப்பி என்று மட்டும் கேட்கிறேன்.