ஆதரவான மனைவி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மாடி வகுப்பில் ஸார் சொல்வார்:
நூற்றியெண்பதுக்கும் இருநூறுக்கும் நடுவில்
ஒரு நோயாளி முழுதாக அடங்க வேண்டும்.
நாற்பது நிமிடம்.
எழுத்துத் தேர்வில் எனக்கு இரண்டு முறையும் சி.
விமானம் ஏற பி வேண்டும்.

நைட் டூட்டியில், இரண்டு மணிக்குமேல்,
சொட்டுகளை எண்ணி முடித்தபின்
போனில் அதைத் திறப்பேன்.
அது சிரிக்காது.
வகுப்பில் நான் 'ஹாஸ்பிற்றல்' என்றால்
சென்னையில் படித்துவந்த ஜெஃப்ரினா சிரிப்பாள்.

நேற்று எழுதியது ஏழாம் கட்டிலைப் பற்றி.
குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிற தாசையன்.
(பெயரை மாற்றித்தான் கொடுத்தேன்.)
"நெஞ்சுக்குள்ள ஆரோ
தேங்கா திருவுகது போல இருக்கு பிள்ளே" என்றிருந்தார்.
அதை அப்படியே இறக்கிவைத்தேன்,
'த' எல்லாம் விட்டுப்போய்,
ஸின்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஃபார் உட்கார்ந்து.

ஒரு நொடிதான்.
திருத்தி வந்ததில் தேங்காயைக் காணோம்.
சிரட்டையும் இல்லை.
அந்த இடத்தில் ஒரு மருத்துவச் சொல்
இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றது.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
கீழே என் பெயரைப் பார்த்ததும்
இரவல் சங்கிலியோடு கல்யாண வீட்டுக்குப் போனவள்
நிமிடத்துக்கொரு தரம்
கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல்
மறுபடி மறுபடி வாசித்தேன்.

மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது:
'ஆதரவான மனைவியோடு வசிக்கிறார்.'

நான் எழுதவில்லை அதை.
தாசையனின் மனைவி பதினோரு வருடமாகக் குவைத்தில்
யார் வீட்டுப் பிள்ளையையோ குளிப்பாட்டுகிறாள்.
மாதம் பிறந்தால் பணம் வரும்.
அதுவும் ஆதரவுதான் என்று வாதாடலாம்.
ராத்திரி மாத்திரை எடுத்துக்கொடுக்க
அந்த வீட்டில் ஆளில்லை.

கேட்டேன்.
மன்னிப்புக் கேட்டது, மிக நல்ல ஆங்கிலத்தில்.
அந்த மன்னிப்பில் ஒரு வாக்கியம் பிடித்துப்போய்
நோட்டில் குறித்துக்கொண்டேன்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பரீட்சை ஹாலுக்குள்ள அது உன் கூட வராது, கேட்டியா"
என்கிறாள் சக நர்ஸ் லிபினா.
அவள் ஜெயித்தது அதை வைத்துத்தான்.
போன மாதம் பாஸ்போர்ட்டுக்கு உறை வாங்கினாள்.

விடிய நாலரைக்கு
ஏழாம் கட்டில் மணியடித்தது.
"இப்பம் தேங்கா தீந்துபோச்சு பிள்ளே,
வெறும் சிரட்டையப் போட்டுச் சொரண்டுகு."
டியூட்டி டாக்டரிடம் தமிழில்தான் ஓடிச் சொன்னேன்.
அவருக்கு உடனே புரிந்தது.
ஈசிஜி தாள் நீண்டு வந்தது.
ஆசாரிபள்ளத்துக்கு அனுப்பணும், நீ எழுது,
கையெழுத்து நான் போடுகிறேன் என்றார்.

கீழே ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டிருந்தது.
போன் சட்டைப்பையில், தொடையருகே, சூடாக.
எடுக்க நேரமில்லை.
எடுக்கத் தோன்றவில்லை என்று சொல்லவில்லை.

பேனாவால் எழுதினேன்.
இருநூறு சொல் இல்லை, நாற்பதுகூட வராது.
இரண்டு 'த' கண்டிப்பாக விட்டிருப்பேன்.
மனைவி குவைத்தில், வீட்டில் துணை இல்லை
என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.

தக்கலை தாண்டியிருக்கும் வண்டி,
நான் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
தேங்காயை நானும் எழுதவில்லை.
அந்தக் காகிதத்தில்
அதே இஸ்திரிச் சட்டைச் சொல்,
ஸ்பெல்லிங் பிழையில்லாமல்.