நானூற்றுத் தொண்ணூற்றொன்பது

ஓல்ட்டன் ரயிலடிக்குப் பின்னாலுள்ள
பழைய சாமான் கடையில்
மூன்று பிராங்குக்கு ஒரு படப்புதிர்.
ஐந்நூறு துண்டு என்று பெட்டி சொன்னது.
கடைக்காரி சொல்லவில்லை,
தோளை மட்டும் உயர்த்தினாள்.

சனிக்கிழமை ஃப்ளூரினாவுக்கு எட்டு வயது.
அழைப்பிதழில் ஒட்டிய நட்சத்திரத் தூள்
ஒரு வாரமாய் எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து
உதிர்ந்துகொண்டிருக்கிறது.
இது காப்புறுதிக் காசு கட்டிய மாதம்.
குப்பைப் பைக்கே விலை வைக்கும் ஊரில்
வாழைப்பழத்தைக்கூட
யோசித்துத்தான் உரிக்கிறோம்.

"குறையோடு கொடுக்கக் கூடாது,
எண்ணிப் பார்" என்றேன் இதழினியிடம்.
அவளுக்குப் பாடமும் ஆயிற்று,
எனக்குச் சமைக்க நேரமும் ஆயிற்று.

பத்துப் பத்தாய்க் குவித்தாள்.
பள்ளியில் அவளுக்கு எண்கள் தலைகீழ்.
ஜெர்மனில் ஏழு முதலில் வரும், நாற்பது பிறகு.
எழுபத்துநான்கு என்று எழுதிச்
சிவப்புக் கோடு வாங்கி வருவாள்.
தமிழில் நாற்பது முன்னே நடக்கிறது,
ஏழு அதன் கையைப் பிடித்துத்
தெருவைக் கடக்கிறது.

எண்பது வரை சரி. அங்கே நின்றாள்.
"அடுத்தது ஏனப்பா தொண்ணூறு?
நூறு இன்னும் வரவே இல்லையே?"
எனக்குத் தெரியாது.
தெரியாது என்றே சொன்னேன்.
வெங்காயம் வதங்குவதற்குள்
அவளே கண்டுபிடித்தாள்:
"அது சின்னப் பிள்ளை.
அடுத்த வருசத்துக்கும் ஆகும் எண்டு
நூறின் சட்டையை வாங்கிப் போட்டிருக்கினம்."
சொல்லிவிட்டுத் தன் கம்பளிச் சட்டையின் கையை
இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டாள்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
திரும்ப எண்ணினோம். அதே.
வேலையால் வந்த வதனி
சப்பாத்தைக் கழற்றாமலே எண்ணினாள்.
ஆஸ்பத்திரிச் சமையலறையில்
தட்டுகளை எண்ணும் கை, பிழைக்காது.

எது இல்லை என்று அறிய
இருப்பதையெல்லாம் பொருத்த வேண்டியிருந்தது.
நான்கு இரவு மேசையைப் படம் எடுத்துக்கொள்ள
நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம்.
கூடை, குடை, கட்டிய நாய், கோவா வண்டி.
ஒரு சந்தை விரிந்து முடிந்தபோது
பூசணி விற்கிறவளுக்கு
மிச்சக் காசு கொடுக்கும் கை இல்லை.

ஓட்டையின் மேல் தாளை வைத்து
பென்சிலால் தேய்த்து வடிவம் எடுத்தாள்.
கோர்ன்ஃப்ளேக்ஸ் மட்டை, நகம் வெட்டும் கத்தரிக்கோல்.
பெட்டியில் இளஞ்சிவப்புப் பென்சில்
போன மாதமே தீர்ந்துவிட்டது.
மண்ணிறம்தான் நீளமாய் இருந்தது.
அதனால் அந்தப் பெண்ணுக்கு
ஒரு கை அந்த ஊர்,
ஒரு கை எங்கள் வீடு.

பிறகு எல்லாவற்றையும் கலைத்துப்
பெட்டிக்குள் போட்டோம்.
அப்போதுதான் கொஞ்சம் அழுதாள்.
போன வருடக் கலண்டரின் டிசம்பரில் சுற்றி
மேலே எழுதினாள்:
"ஒன்று நான் செய்தது. தேடு.
பின்பக்கம் பார்க்கக் கூடாது."

திங்கள் வந்து செய்தி சொன்னாள்.
ஃப்ளூரினா இதுவரை
மூன்றைச் சந்தேகப்பட்டாளாம்.
மூன்றும் தொழிற்சாலைத் துண்டுகள்.

ஒரு மாதம் கழித்து
துணிப்பையைத் துவைக்கப் புரட்டினேன்.
மூலைத் தையலில் செருகிக் கிடந்தது
அந்தக் கை.
"கொண்டுபோய்க் கொடுப்போமா?" என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த கணக்கிலிருந்து
தலை நிமிரவில்லை.
"வேண்டாம். அவளிட்ட ஐந்நூறு இருக்கு."

பொத்தான் போத்தலுக்குள் போட்டு வைத்தேன்.
சட்டைக்கு ஒன்று தேடிக்
குலுக்கும்போதெல்லாம்
மிச்சக் காசோடு
மேலே வருகிறது.