நிறை

சீனக்குடா விமானத் தளத்தில் அப்போது
பயணச்சீட்டு மேசைக்குப் பக்கத்தில்
ஒரு தராசு இருந்தது, அரிசி மூட்டை நிறுக்கிற மாதிரி.
முதலில் பெட்டி. பிறகு ஆள்.
பாதை பூட்டிக் கிடந்த வருடம்.
கொழும்புக்குப் போவதென்றால்
பன்னிரண்டு இருக்கை, இரண்டு காற்றாடி.

நான் ஏறி நின்றேன். இருபத்தொன்பது.
அம்மா கேட்காமலே ஐம்பத்தொன்று என்றாள்.
முள் ஐம்பத்தாறில் போய் நின்று நடுங்கியது.

பெட்டியில் அளவு மீறிவிட்டதால்
அறக்குளாக் கருவாடு ஐந்து கிலோ
சேலைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது,
வெள்ளவத்தைச் சித்திக்கு.
எனக்குத் தெரியும்.
வரிசையில் நின்ற அத்தனை மூக்குக்கும் தெரியும்.

சுமை ஏற்றுகிற கிண்ணியாப் பொடியன்
(சட்டைப் பையில் நியாஸ்தீன் என்று தைத்திருந்தது)
முள்ளைப் பார்த்தான்.
அம்மாவைப் பார்க்கவில்லை.
ஐம்பத்தாறு என்று பென்சிலால் எழுதினான்,
கோடு போட்டுக் கூட்டினான், அழித்தான், திரும்பக் கூட்டினான்.
"அக்கா நடுவில. பிள்ளை முன்னுக்கு."
அவ்வளவுதான்.

ஓடுபாதை முடிகிற இடத்தில் தண்ணீர்.
மா ஆலை சரிந்தது, காட்டுக்குள்
கவிழ்த்து வைத்த பானைகளாய் எண்ணெய்த் தாங்கிகள் சரிந்தன,
கொட்டியாரக் குடா ஒரு பக்கமாக எழுந்து வந்து
கண்ணாடியில் முட்டியது.
தம்புள்ளைக்கு மேலே ஒரு முகில் எங்களைக் கீழே போட்டது.
பையில் வாந்தி எடுத்தேன். இரண்டு தரம்.

நிமிர்ந்தபோது விமானியின் முழங்காலில் அதே தாள்.
மூன்றாவது வரியில் என் இருபத்தொன்பது.
சங்கக்கடை அட்டையில் என்னை எண்ணியிருக்கிறார்கள்,
சோதனைச் சாவடியில் எண்ணியிருக்கிறார்கள்.
நான் இடம் மாறி இருந்தால் ஒன்று சாயும் என்று
யாரும் அதுவரை எழுதி வைத்ததில்லை.

நேர்முகத்தில் கேட்டார்கள், ஏன் இந்தத் தொழில் என்று.
பறவைகளைப் பற்றி ஏதோ சொன்னேன்.
பிடித்திருந்தது அவர்களுக்கு.

இப்போது எனக்கு எட்டு இருக்கை ஜெட்,
பால் நிறத் தோல், மடக்கு மேசை.
ஏறுகிறவர்கள் சீமெந்து, தேயிலை, ஹோட்டல்.
"உங்கள் நிறை, சேர்?"
எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள்.
ஆணுக்கு ஏழு கூட்டிக்கொள்வேன், பெண்ணுக்கு நாலு,
சிரிக்காமல்.
பெட்டிக்குள் என்ன என்று கேட்பதில்லை,
எத்தனை கிலோ என்று மட்டும்.

போன வெள்ளி ரத்மலானையில் இருந்து இரண்டு பேர்,
நிலாவெளியில் காணி பார்க்க.
வரும் வழியெல்லாம் ஒரே வரைபடத்தில்
இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருந்தன.
சீனக்குடாவில் ஆறு மணித்தியாலம் காத்து நின்றேன்.
தார் கொதித்தது. துணை விமானி ஹர்ஷனி
இறக்கையின் நிழலோடு நகர்ந்து நகர்ந்து
பார்சல் சோறு சாப்பிட்டாள்.
அந்த மேசை இருந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி ஒன்று.

நாலே முக்காலுக்கு வாகனம் வந்தது.
இறங்கியது ஒருவர்.
சப்பாத்தில் கடற்கரை மணல்,
சட்டையின் மேல் பொத்தான் இருந்த இடத்தில் நூல்.
மற்றவர், என்று ஹர்ஷனி வாயெடுத்தாள்.
நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

எண்பத்தாறு கிலோவை அடித்தேன்.
கீழே கோடு போட்டுக் கூட்டினேன்.
இயந்திரம் ஒரு நொடியில் செய்யும் கணக்கு,
ஆனாலும் பென்சிலால்.

"சேர், ஒரு இருக்கை பின்னுக்குப் போக முடியுமா?"
அவர் என்னைப் பார்த்தார், காரணம் கேட்பேன் என்று
காத்திருப்பவர் போல.
பிறகு எழுந்து போய்ப்
பின்னால் இருந்து பட்டியை மாட்டினார்.

வழக்கத்தைவிடச் சீக்கிரமாய்
நிலம் எங்களை விட்டது.