பந்து போடுகிறவனிடம் கேட்டால்

கிளைப்பெடாவில் தோற்றுத் திரும்புகிற இரவில்
பேருந்து பனிக்குள் நின்றுவிட்டது.
ஓட்டுநர் இறங்கிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
அப்போதுதான் கேட்டார் கோச் பெத்ருலிஸ்:
ஒப்பந்தம் ஒன்றுதான் இருக்கிறது.
நீதானே பந்து போடுகிறவன்,
இருவரில் யார்?

பின்வரிசையில் இருவரும் தூங்கினார்கள்,
நான்கு முழங்கால்களும் நடைபாதையில்.

எய்மந்தாஸுக்குப் பத்தொன்பது வயது.
அவன் ஸ்கிரீன் வைத்தால்
என்னைத் துரத்தி வருகிறவன்
கதவில் மோதிய சத்தம் கேட்கும்.
அதற்குப் பிறகு எனக்கு ஒன்றரை வினாடி கிடைக்கும்.
ஒன்றரை வினாடி என்றால் என்னவென்று
முப்பத்து மூன்று வயதில்
முழங்காலில் ஐஸ் கட்டித் தூங்குகிறவனைக் கேளுங்கள்.
ஆனால் கூடையை நோக்கித் திரும்பும்போது
ஒருமுறை தரையைப் பார்ப்பான்,
தன் கால் எங்கே இருக்கிறதென்று.
அதற்குள் என் பந்து
அவன் காதை உரசிப் போய்விடும்.
ஒருநாள் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது.
மன்னிப்புக் கேட்டவன் அவன்.

ஜியுகாஸ் அவனைவிட இரண்டு விரல் உயரம்,
எடையில் பாதி காற்று.
ஸ்கிரீன் வைக்கிறேன் என்று வருவான்,
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவன்போல்
தோளைக் குறுக்கி நழுவிவிடுவான்.
வருகிற இடி எனக்கு.
இடப்பக்க விலாவில் இரண்டாவது எலும்பு
இன்னும் அவன் பேரைச் சொல்கிறது.
ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே
அவன் கையேந்தி நிற்பதைப் பார்க்க வேண்டும்.
பந்து வந்து சேர்ந்ததா, கிளம்பிப் போனதா,
வலை அசைந்த பிறகுதான் தெரியும்.

நெரியுஸுக்கு ஜியுகாஸ்தான் வேண்டும்.
அவன் வெளியே நின்றால் எதிரணி உயரமும் வெளியே வரும்,
நெரியுஸ் சொந்தச் சமையலறைக்குள் நுழைகிறவன்போல்
கூடைக்கடியில் போய் நிற்பான்.
எய்மந்தாஸ் ஆடினால் அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கும்.
ஆனால் நெரியுஸ் தவறவிட்ட பந்துகளை
எடுத்துத் தந்தவன் யார் என்றால்
ஷூ லேஸைப் பார்ப்பான்.

ஒஹையோவிலிருந்து வந்த லாமார்க்
யோசிக்கவே இல்லை: எனக்குச் சுவர் வேண்டும்.

லாப்டாப்போடு அலைகிற ஜில்வினாஸ் மட்டும்
ஒரு பக்கத்தைக் காட்டினான்.
இருவரும் சேர்ந்து ஆடியது
இந்த சீசனில் பதினேழு நிமிடம்.
அதில் நம் அணி இருபத்திரண்டு புள்ளி முன்னால்.
பதினேழு நிமிடத்தில் என்ன தெரியும் என்றேன்.
அந்தப் பதினேழும் நான் பெஞ்சில் இருந்தவை
என்பதை அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எய்மந்தாஸ், என்றேன் கோச்சிடம்.
சொன்னது என் முழங்கால்.

ஏப்ரலில் கூப்பிட்டு,
தேநீர் ஊற்றி,
சர்க்கரையை அவரே கலக்கிக் கொடுத்தபோது
புரிந்துவிட்டது.
இருவருக்கும் பணம் கிடைத்துவிட்டதாம்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

அக்டோபரில் டிக்கெட் வாங்கிப் போனேன்,
பதினான்காவது வரிசை.
பந்தைக் கொண்டுவந்த புதுப் பையன்
அதை ஜியுகாஸிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.
ஜியுகாஸ் அவசரப்படவில்லை.
எய்மந்தாஸ் சுவராக நின்றான், திரும்பினான்,
தரையைப் பார்த்தான்,
கால் இருந்தது,
நிமிர்ந்தான்.
பந்து அப்போதுதான் வந்தது.

இரண்டு வருடம்
அவன் கை மெதுவென்று நினைத்திருந்தேன்.

அடுத்த முறையும் அவன் தலை குனிந்தபோது
என் வலக்கை தன்னால் வீசியது,
அதே பழைய நேரத்தில்,
அரை வினாடி முன்னால்.
காபி முழுவதும்
முன்வரிசைப் பெண்ணின் சாம்பல்நிறக் கோட்டில்.

மன்னிப்புக் கேட்டேன்.
அவள் திரும்பாமல், பரவாயில்லை என்றாள்,
ஆட்டத்தை மறைக்காமல் உட்காருங்கள்.