உழக்கும் விளக்கும்

லிங்கன் நகரம், பிப்ரவரி.
சட்டமன்றக் கட்டடத்தில் கடைசி அறை.
என் வேலை மூன்று பொத்தான்கள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பேச வருகிறவருக்கு மூன்று நிமிடம்.
சிவப்பு எரிந்த பின்னும் வாய் திறந்திருந்தால்
சேர்மன் செட்லாசெக் தொண்டையைச் செருமுவார்.
செருமல் என் பொறுப்பில் இல்லை.

வறண்ட மூன்று ஆண்டுகளில்
இந்த அறைக்குச் சாவு வீட்டு மரியாதை.
வந்தவர்கள் கேட்கவில்லை, கொடுத்தார்கள்:
ஒரு கல்லூரி தன் இசைத் துறையை,
சாலைத் துறை பதினொரு பனிவாரி வண்டிகளை,
சிறைத் துறை இரவு நேரச் செவிலியை.
நாங்கள் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமைகளை.
சம்பளமில்லாத ஒரு வெள்ளியில்
சமையலறைச் சுவருக்கு வண்ணம் பூசினேன்.
பாதியில் டப்பா தீர்ந்தது.
இன்னும் பாதிதான்.

இப்போது வரி திரும்பி வந்திருக்கிறது.
மாட்டு விலை ஏறியது, டிராக்டர் விற்றது,
ஒமாஹாவில் யாரோ யாருக்கோ கம்பெனியை விற்றார்.
நிதி அலுவலகத்து ட்ரெவர் ஹோல்ம்க்விஸ்ட்
ஒற்றைத் தாளோடு வந்தான்:
நாலு கோடியே பத்து லட்சம் டாலர் உபரி.
யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் மட்டும், "சரியான தாள்தானா?" என்றார்.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாது என்பார்கள்.
பார்த்தோம். மிஞ்சியது.
அதுதான் தொல்லை.
பஞ்சத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தவர்கள்
நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பச்சை.
வடக்கே ஒரு கவுண்டிப் பாலம்.
பள்ளிப் பேருந்தைக் காலியாக ஓட்டிக் கடக்கிறார்கள்,
பின்னால் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.
மஞ்சள். சிவப்பு.
பச்சை.
ஓய்வூதிய வாரியம்: தள்ளிப்போட்ட பங்கு,
வட்டி, வட்டிக்கு வட்டி.
பச்சை.
மருத்துவ உதவித் திட்டம். தொகையை இரண்டு முறை சொன்னார்கள்,
முதல் முறை காது நம்பவில்லை.
பச்சை. சிறையின் கூரை.
பச்சை. மறுபடி சிறை, இந்த முறை பாய்லர்.
யானைப் பசி, கையில் சோளப்பொரி.
எங்கள் ஊரில் சோளம் மலிவுதான், ஆனாலும்.

மதியத்துக்குள் கேட்டது அறுபது கோடியைத் தாண்டியது.
ட்ரெவர் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பென்சில் சீவினான்.

நாற்பத்தேழாவதாக நியாபோல் டுவோட்.
கிராண்ட் ஐலண்டிலிருந்து, சீருடை மாற்றாமல்.
முடியாதவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலை.
காகிதம் பார்த்துப் படித்தாள்.
"திரு. வெசெல்ஸைக் குளிப்பாட்ட நாற்பது நிமிடம் ஆகும்.
மாநிலம் இருபத்தைந்துக்குத் தருகிறது."
மஞ்சள் எரிந்ததைப் பார்த்தாள்.
காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.
"மீதிப் பதினைந்தை நான் தருகிறேன்.
மூன்று வருடமாக உங்களுக்கு
நான் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
அது இந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது?"

ட்ரெவர் தாளைத் திருப்பினான்.
நிஜமாகவே தேடினான்.

சிவப்பை நான் அழுத்தவில்லை.
பதினோரு நொடி, சுவர்க் கடிகாரத்தில் எண்ணினேன்.
இருபத்தாறு வருடத்தில்
யார் அனுமதியும் இல்லாமல்
மாநிலத்தின் பெயரில் நான் செய்த செலவு.
அதில் ஒரு நொடிகூட அவள் பேசவில்லை.
சும்மா உட்கார்ந்திருந்தாள்.
பிறகு அழுத்தினேன்.
நாற்பத்தெட்டாமவர் எழுந்துவிட்டிருந்தார்,
சேற்று பூட்ஸோடு, ஏதோ வாய்க்கால் விஷயமாக.

கோபுரத்து உச்சியில் வெண்கல விதைப்பவன்
கை நீட்டி வீசியபடி நிற்கிறான், பனியில்.
அவன் பையில் எவ்வளவு இருக்கிறதென்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆறரைக்குத் தாழ்வாரம் காலி.
கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி,
இரண்டாம் வெட்டின்போது தற்காலிகமாக வைத்தது.
இப்போது சொத்துப் பதிவேட்டில் அதற்கு எண் உண்டு.
கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு
தூக்கிப் போய்க் கொட்டினேன்.
திரும்ப வைப்பதற்குள்
தரையில் நான்கு சொட்டு.